'முடிந்தது' என்றால் தோற்றுப்போனதா?

கேள்வி: பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் (மூன்று மணி நேர ஆராதனை), இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆறாம் வார்த்தை வரும்போது எனக்கு உறுத்துகிறது. 'முடிந்தது' (யோவான் 19:30). போன மாதம் ஐசியூ வாசலில் அப்பாவைப் பற்றி டாக்டர் சொன்னதும் இதே சொல்தான். இது எப்படி நற்செய்தி?

பதில் 1: தம்பி, கிரேக்கத்தில் அது 'டெட்டெலெஸ்டாய்', ஒரே சொல். எடுத்த வேலை நிறைவேறிவிட்டது, அதன் பலன் நிற்கிறது என்று அர்த்தம். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 'எல்லாம் நிறைவேறிற்று' என்றே இருக்கும்.

பதில் 2: பைபிளில் எபிரெயர் 10-ஆம் அதிகாரம் படியுங்கள். ஆசாரியர் தினமும் நின்றுகொண்டே பலியிட்டார். இயேசுவோ ஒரே பலியைச் செலுத்தி, வேலை முடிந்ததென்று உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பிடித்தது அந்த உட்கார்ந்ததுதான்!

கேட்டவர்: நன்றி அண்ணா. சரி, புரிகிறது. ஆனாலும் அப்பாவின் காலிக் கட்டிலைப் பார்த்தால் நான்காம் வார்த்தைதான் வாயில் வருகிறது: 'ஏன் என்னைக் கைவிட்டீர்?'

பதில் 1: அதைச் சொன்னவரும் அவர்தானே, தம்பி.