மறு: 73939133-க்கு ஒரு பெயர் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.
எட்டாம் வகுப்புக் கணித இதழுக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 73939133 ஒரு பகா எண், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும். கடைசி இலக்கத்தை எடுத்தால் 7393913, அதுவும் பகா எண். இப்படியே 739391, 73939, 7393, 739, 73, 7 வரை எல்லாமே பகா எண்கள். தசம முறையில் இவ்வகையில் இதைவிடப் பெரிய எண் கிடையாது. 'வலப்பக்கம் வெட்டத்தக்க பகா எண்' என்று எழுதிப் பார்த்தேன், மரக்கடைப் பலகை மாதிரி இருக்கிறது. நல்ல சொல் தாருங்கள்.
- இரா.

இரா,
சொல் இலக்கணத்திலேயே இருக்கிறது. தாமரை 'மரை' ஆனால் முதற்குறை, ஓந்தி 'ஓதி' ஆனால் இடைக்குறை, நீலம் 'நீல்' ஆனால் கடைக்குறை. ஆகவே இது கடைக்குறைப் பகா எண். இடப்பக்கம் குறைத்துக்கொண்டே போகத்தக்க 357686312646216567629137 முதற்குறைப் பகா எண். பகாப்பதம் (பிரிக்க முடியாத சொல்) படித்தவர்களுக்கு இதில் என்ன சிரமம்?
- வே.மா.

ஐயா, பொறுங்கள். நீல் என்றாலும் பொருள் நீலம்தான். 739-இல் 9-ஐ எடுத்தால் வருவது வேறு எண் அல்லவா? இன்னொன்று, தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் தன்னைவிடக் குறைந்தால் அதைக் குறைவெண் என்கிறோம். பகா எண் எல்லாமே குறைவெண்தான், பிள்ளைகள் குழம்பும். 'வால்வெட்டுப் பகா எண்' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். உடனே பலகையில் 2, 23, 233, 2333, 23333 என்று நீட்டிக்கொண்டே போனார்கள். 233333-இல் மாட்டிக்கொண்டார்கள், அது 353 × 661.
- கணக்கு டீச்சர்

மரை என்பது மானுக்கும் பெயர். பொருள் மாறாது என்று எப்படிச் சொல்கிறீர்கள், அம்மா?
- வே.மா.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பகா எண்ணை 'முதன்மை எண்' என்றுதான் படித்தோம். 'கடைக்குறை முதன்மை எண்' என்றால் கடையா முதலா என்று கேட்பார்கள். வால்வெட்டு பரவாயில்லை. ஆனால் பல்லிக்கு வால் போனால் திரும்ப வளருமே?
- சி.

இதற்கு வளராது! ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், 5-இலும் முடியக்கூடாது. அதனால் 1, 3, 7, 9 மட்டுமே ஒட்டலாம். 73939133-இன் இலக்கக் கூடுதல் 38. 1 ஒட்டினால் 39, 7 ஒட்டினால் 45, இரண்டும் மூன்றால் வகுபடும். 3-உம் 9-உம் வேறு காரணிகளில் மாட்டிக்கொள்ளும். இந்த வகையில் மொத்தமே 83 எண்கள்தான்.
- கணக்கு டீச்சர்

நேரமாகிவிட்டது. தலைப்பில் 'வால்வெட்டு', கீழே சின்ன எழுத்தில் 'கடைக்குறை' என்று போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். நன்றி.
- இரா.

சரி, பெரும்பான்மை அப்படியென்றால் இருக்கட்டும். அடுத்த இதழில் முதற்குறை வரும்போது 'தலைவெட்டு' என்றா போடப்போகிறீர்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு?
- வே.மா.