ஐ-140 (அமெரிக்க கிரீன் கார்டுக்காக கம்பெனி போடற மனு) டினை, அதாவது நிராகரிப்பு, ஆனவங்க அப்புறம் என்ன பண்ணீங்க? அனுபவத்தச் சொல்லுங்க

இர்விங்காரன்:
போன வருஷம் மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பையன நீச்சல் கிளாஸ்ல விட்டுட்டு கார்லயே உக்காந்துட்டு சும்மா ஸ்டேட்டஸ் பாத்தேன், டினைடுன்னு இருக்கு. இபி-3ல (வேலை வழி கிரீன் கார்டுல மூணாவது பிரிவு) ஸ்கில்ட் வொர்க்கர் கேஸ், பிரீமியம்ல, அதாவது கூடுதல் ஃபீஸ் கட்டி சீக்கிரம் முடிவு வர்ற மாதிரி போட்டது, நடுவுல ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்டு வர்ற கடிதம்) வேற வந்து பதில் குடுத்து முடிச்சு, இனிமே அப்ரூவல்தான்னு நெனச்சிட்டு இருந்தேன். கிளாஸ் முடிஞ்சு பையன் வந்து கண்ணாடியத் தட்டுறான், எனக்கு கதவத் தெறக்கணும்னு கூட தோணல.

அடுத்த கூத்து, டினையல் லெட்டர் நம்ம கைக்கு வராது. மனு போட்டது கம்பெனி, நாம வெறும் பெனிஃபிஷியரி, பலன் அடையறவங்க, அதனால லெட்டர் கம்பெனிக்கும் அவங்க வக்கீலுக்கும்தான் போகும். எச்ஆர்ட்ட கெஞ்சி ஒம்பது நாள் கழிச்சுதான் காப்பி வாங்கினேன். அந்த ஒம்பது நாளும் கணக்குல ஓடிட்டு இருக்குன்னு அப்ப தெரியாது. அப்பீலோ மோஷனோ (முடிவு எடுத்த ஆபீஸையே மறுபடி பாக்கச் சொல்றது) எதுவா இருந்தாலும் ஐ-290பி ஃபார்ம் அவங்க முடிவு போட்ட தேதில இருந்து 30 நாளுக்குள்ள போகணும், முடிவு தபால்ல வந்திருந்தா 33. அதையும் கம்பெனிதான் போடணும், நாம தனியா போட்டா எடுத்துக்க மாட்டாங்க.

லெட்டர்ல என்ன இருந்துச்சுன்னா, பெர்ம்ல (ஐ-140க்கு முன்னாடி கம்பெனி தொழிலாளர் துறைட்ட வாங்கற சான்று) நாலு வருஷ அனுபவம் கேட்டிருக்கு, அதுல மூணு வருஷம் நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனில 2012ல இருந்து 2015 வரைக்கும் பாத்தது. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. என்கிட்ட இருந்த ரிலீவிங் லெட்டர் ரெண்டே வரி, இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும் வேலை பாத்தார், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். என்ன வேலை பாத்தேன், முழுநேரமா இல்லையா, ஒண்ணும் கிடையாது. ஆர்எஃப்இ அதத்தான் கேட்டிருக்கு. நம்ம வக்கீல் அதே ரெண்டு வரி லெட்டர ஒரு கவரிங் நோட் வெச்சு திருப்பி அனுப்பிருக்கார்!

வேற ஒரு வக்கீல்ட்ட காசு குடுத்து ஒரு மணி நேரம் பேசினேன், அதுதான் நான் பண்ண ஒரே உருப்படியான காரியம். அவங்க முதல்ல கேட்டது பெர்ம் எந்த தேதில சர்டிஃபை ஆச்சுன்னுதான். 180 நாள் செல்லும், நமக்கு 136 ஓடிருச்சு, 44 பாக்கி. அப்படின்னா அப்பீல்ல போய் தொங்காத, அதே பெர்ம வெச்சு புது ஐ-140 போட்டுரு, பிரயாரிட்டி டேட்டும் (கிரீன் கார்டு வரிசைல நம்ம இடத்தக் குறிக்கற தேதி) மாறாதுன்னாங்க, ஏன்னா அது பெர்ம் ஃபைல் பண்ண தேதிதானே. ஆனா எனக்கு எச்1பி வேலை விசாவுல ஆறாவது, அதாவது கடைசி வருஷம் ஓடுது. பெர்ம் போட்டு 365 நாள் ஆகியிருந்தா ஒவ்வொரு வருஷமா நீட்டிக்கலாம், ஐ-140 டினையல் இறுதியாயிட்டா அந்தக் கதவு மூடிரும், அப்பீல் நிலுவைல இருக்கற வரைக்கும் மூடாது. அதனால ரெண்டையும் போடச் சொன்னாங்க. ஐ-290பிக்கு 800 டாலர், கம்பெனி முணுமுணுத்துட்டு கட்டுச்சு.

மத்தது எல்லாம் பேப்பர் வேட்டை. பழைய டீம் லீட் இப்ப ஆவடில மளிகைக்கடை வெச்சிருக்கார், ஃபேஸ்புக்ல புடிச்சேன். "நீ என்னென்ன பண்ணேன்னு எனக்கே மறந்துபோச்சு தம்பி, எழுதி அனுப்பு, நெசமா இருந்தா கையெழுத்து போடறேன்"னார். ஸ்டாம்ப் பேப்பர்ல அஃபிடவிட், நோட்டரி சீல். வெறும் அஃபிடவிட் மட்டும் போதாது, அந்த நேரத்து ஆதாரமும் கூட இருக்கணும்னாங்க, ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், சம்பளம் ஏறுன பேங்க் ஸ்டேட்மென்ட். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அம்மா பீரோல பட்டுப்புடவைக்கு அடில இருந்துச்சு, போட்டோ எடுத்து அனுப்பினாங்க, சரியா டெசிக்னேஷன் இருக்கற இடத்துல கட்டைவிரல். மூணு தடவ எடுக்க வெச்சேன் பாவம்.

எடிசன் அக்கா:
தம்பி உனக்கு பெர்ம் உயிரோட இருந்துச்சு, எனக்கு அதுவும் இல்ல. நான் பிஎஸ்சி மேக்ஸ், அப்புறம் ஒரு வருஷ பிஜி டிப்ளமா. மூணும் ஒண்ணும் நாலு, கணக்கு சரியாத்தானே வருதுன்னு இபி-2ல (மேல்படிப்பு கேக்கற பிரிவு) போட்டுட்டாங்க, டிகிரிக்கு மேல அஞ்சு வருஷ அனுபவம்னு. ஆனா அங்க ஒரே டிகிரியா அமெரிக்க பேச்சிலருக்கு சமமா நிக்கணும். நம்ம மூணு வருஷ டிகிரி நிக்காதுன்னு 1977லயே ஷா கேஸ்ல தீர்ப்பு எழுதி வெச்சிருக்காங்க, நான் பொறக்கறதுக்கு முன்னாடி! அப்பீல் போட்டாலும் என் படிப்பு மாறப்போறதில்லயே. எம்சிஏ முடிச்சிருந்தா இந்தத் தலைவலி அனேகமா வந்திருக்காது.

முதல்ல இருந்து புது பெர்ம், இந்தத் தடவ இபி-3 ஸ்கில்ட் வொர்க்கர், படிப்பு வரியிலயே டிகிரியும் டிப்ளமாவும் சேந்து இருந்தாலும் ஏத்துக்குவோம்னு வெளம்பரத்துல இருந்தே தெளிவா எழுத வெச்சோம். அப்ரூவ் ஆச்சு. ஆனா டினை ஆன ஐ-140ல இருந்து பிரயாரிட்டி டேட் கெடைக்காதுல்ல, ரெண்டரை வருஷம் போச்சு. அதவிட வலி வீட்டுக்காரர்தான். எச்4 இஏடி (எச்1பில இருக்கறவங்க துணைக்குக் குடுக்கற வேலை அனுமதி) வேணும்னா என் ஐ-140 அப்ரூவ் ஆகியிருக்கணும், அதுவரைக்கும் கோயம்புத்தூர்ல பத்து பேருக்கு வேலை சொல்லிட்டிருந்த மனுஷன் இங்க பாத்திரம் தேய்ச்சிட்டு யூட்யூப்ல சாம்பார் கத்துக்கிட்டார். இப்ப என்னவிட நல்லா வெக்கறார், அது வேற கதை.

சின்ன கன்சல்டன்சி ஆளு:
எனக்கு டினை ஆன காரணம் ஏபிலிட்டி டு பே. என் மேல ஒரு குத்தமும் இல்ல, கம்பெனி கணக்குலதான். பெர்ம்ல போட்ட சம்பளத்தக் குடுக்க வக்கு இருக்கா, பெர்ம் போட்ட நாள்ல இருந்தே இருக்குன்னு காட்டணும். டேக்ஸ் ரிட்டர்ன்ல லாபமோ கையிருப்பு சொத்தோ அந்தளவு இருக்கணும், இல்லன்னா ஏற்கனவே நமக்கு அந்தச் சம்பளம் குடுக்கறதா டபிள்யூ-2ல (வருஷ சம்பளச் சான்று) தெரியணும், கொறஞ்சா மிச்சத்துக்கு மட்டும் கணக்கு காட்டினா போதும். எங்க ஓனர் டேக்ஸ் கொறையணும்னு லாபத்த சுருக்கி காட்டி வெச்சிருந்தார், அது எனக்கு ஆப்பு வெச்சுது. அப்பீல் போடுங்கண்ணேன்னு கேட்டா "பாக்கலாம்"னார், 30 நாளும் அந்தப் பாக்கலாம்லயே போச்சு.

எச்1பில இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருந்ததால வேற கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டு அங்க முதல்ல இருந்து பெர்ம். ஆஃபர் பேசும்போதே பெர்ம் எப்ப ஆரம்பிப்பீங்கன்னு மெயில்ல வாங்கிட்டேன். வாய் வார்த்தைய நம்பறத விட்டாச்சு.

சென்னைக்கு திரும்பினவன்:
எனக்கு ஐ-140 வரைக்கும் போகவே இல்ல, 2019ல எச்1பி எக்ஸ்டென்ஷனே டினை. ஐ-94 (எந்தத் தேதி வரைக்கும் தங்கலாம்னு இருக்கற பதிவு) முடிஞ்சு, எக்ஸ்டென்ஷன் நிலுவைல இருக்கும்போது வேலை பாக்க விடற 240 நாள் கணக்குல வேலை பாத்துட்டு இருந்தேன், முடிவு வந்த அன்னிக்கே வேலை பாக்கற உரிமை காலி. எல்லாரும் 60 நாள் கிரேஸ் இருக்குன்னாங்க, அது ஐ-94 உயிரோட இருக்கும்போது வேலை போறவங்களுக்கு, எனக்கு இல்ல. அனுமதி இல்லாம 180 நாள் தாண்டி இருந்துட்டு போனா மூணு வருஷம் உள்ள வர முடியாது, ஒரு வருஷம் தாண்டினா பத்து. பதினெட்டு நாள்ல கார வித்து, வீட்ட காலி பண்ணி, பொண்ண பாதி வருஷத்துல ஸ்கூல்ல இருந்து எடுத்து கெளம்பிட்டோம். அவ இன்னும் அந்த பெஸ்ட் ஃப்ரெண்ட் பேர் சொல்வா.

ஆறு வருஷத்துல மிச்சம் இருந்த காலத்துக்கு எச்1பி லாட்டரி (ஆள் எடுக்கற குலுக்கல்) தேவையில்லன்றதால அடுத்த வருஷமே வேற கம்பெனி மனு போட்டுச்சு, சென்னை கான்சுலேட்ல விசா ஸ்டாம்ப் ஆச்சு, நான்தான் போகல. இப்ப யாராவது இந்த வழிய யோசிச்சா ஒண்ணு கவனிங்க, 2025 செப்டம்பர் 21ல இருந்து வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு போடற புது மனுவுக்கு 1 லட்சம் டாலர்னு உத்தரவு வந்துச்சு, வக்கீல்ட்ட கேக்காம வண்டி ஏறாதீங்க.

எடிசன் அக்கா:
இர்விங் தம்பி, உன் கத பாதில நிக்குது. என்னாச்சு?

இர்விங்காரன்:
சாரிக்கா, பையனுக்கு ஜொரம். ரெண்டாவது ஐ-140 பெர்ம் முடிய பத்து நாள் இருக்கும்போது போச்சு, பன்னெண்டாவது வேலை நாள்ல அப்ரூவ்டு, ஆர்எஃப்இ கூட வரல. அப்பீல வாபஸ் வாங்கியாச்சு. அப்ரூவல் நோட்டீஸ் காப்பி மட்டும் இன்னும் எச்ஆர் தரல, கேட்டா வக்கீல்ட்ட இருக்குங்கறாங்க, வக்கீல்ட்ட கேட்டா எச்ஆர்ட்ட கேளுங்கறார். திங்கக்கிழமை நேர்ல போய் நிக்கப் போறேன்.