மண்டையோட்டுக்குப் பதிலாக போன்: சரிவருமா?

அரைத்திரை:
மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய சமஸ்கிருத அங்கத நாடகம் ‘மத்தவிலாச’த்தை இன்றைய கொழும்புக்கு மாற்றி, வெள்ளவத்தையில் எட்டுப் பேர் வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்க்கிறோம். 7ஆம் நூற்றாண்டுக் காஞ்சியில் குடித்துத் தள்ளாடும் கபாலியும் (மண்டையோட்டையே பிச்சைப் பாத்திரமாக வைத்திருக்கும் சைவத் துறவி) அவன் துணைவி தேவசோமையும் எங்களிடம் காலி வீதியில் த்ரீவீலுக்குக் கை காட்டுகிறார்கள். கபாலி தொலைக்கும் மண்டையோட்டை ஸ்மார்ட்போன் ஆக்கினேன். முதல் பத்து நிமிடம் பக்கத்து ஃபிளாட் ஆச்சியே கதவைத் திறந்துவைத்துச் சிரித்தார். நாய்க் கட்டம் வந்ததும் நாடகம் படுத்துவிட்டது. எங்கே பிழை?

கடைசி வாங்கு:
தம்பி, நாய் எதற்கு போனைத் தூக்குகிறது? மூலத்தில் ஓட்டுக்குள் சுட்ட இறைச்சி இருக்கிறது. அதனால்தான் எடுத்தது நாய், இல்லையென்றால் புத்த பிக்கு என்று கபாலி அடித்துச் சொல்கிறான். இறைச்சி இல்லையென்றால் நாயும் இல்லை, சந்தேகமும் இல்லை. சாப்பாட்டுப் பெட்டி ஆக்குங்கள்.

அரைத்திரை:
அண்ணை, அது விளங்குகிறது. ஆனால் ஓடு போனால் அவன் கபாலியே இல்லையே! டிபன் பெட்டிக்கு அந்த மதிப்பு வராது.

ஒத்திகை அக்கா:
வெற்றிக் கிண்ணம் கொடுங்கள். என்றோ ‘சிறந்த விற்பனையாளர்’ என்று வாங்கியது. வேலை போய்விட்டது, கிண்ணம் மட்டும் மிச்சம். குடிப்பதும் அதில், கோழிக் கொத்து தின்பதும் அதில்.

பிக்குவை இங்கே அப்படியே ஏற்றினால் சிரிப்பு வேறு பக்கம் போய்விடும். அவரை ஜிம் மாஸ்டர் ஆக்கலாம். மூலத்தில் அவர், மதுவையும் பெண்ணையும் அனுமதித்த விதி இருந்திருக்கும், பொறாமை பிடித்த கிழவர்கள் மறைத்துவிட்டார்கள் என்று புலம்புவாரே, அதைக் கைவிடாதீர்கள். மாஸ்டர் டயட் அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொத்து ரொட்டி இருந்த பக்கத்தை யாரோ கிழித்திருக்கிறார்கள் என்று சத்தியம் பண்ணட்டும். துவாய்க்குள் அவர் ஒளிப்பது தன் புரோட்டீன் கோப்பையை. கபாலி அதைப் பிடித்துக்கொண்டு, என் கிண்ணத்துக்குத்தான் நிறம் மாற்றிவிட்டாய் என்று கத்தலாம். மூலத்திலும் ஏறக்குறைய அதே சண்டைதான்.

இன்னொன்று: கள்ளுக்கடையை வேள்விச்சாலையாக வர்ணிக்கும் இடத்தை வெட்டிவிடாதீர்கள். கொத்துக் கடையைக் கல்யாண மண்டபம் ஆக்குங்கள். தகட்டில் விழும் அடிதான் தவில்.

அரைத்திரை:
நேற்று இரவு கிண்ணத்தோடு பார்த்தோம். மாஸ்டர் துவாயை இறுக்கிப் பிடித்ததுமே ஆச்சி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். ஒரே சிக்கல்: நாயாக வரும் தம்பி, கிண்ணத்துக்குள் உண்மையான கொத்து இல்லாவிட்டால் கவ்வ மாட்டானாம். செலவை எட்டாகப் பிரிக்கிறோம்.