எல்லையோர மரத் தகராறு: உங்கள் அனுபவம் என்ன?

கருங்கல்காரன்:
எங்கள் விளைக்கும் (தோட்டத்துக்கும்) மேற்கு விளைக்கும் நடுவில் ஒரு அயினி மரம் நிற்கிறது. எல்லையில் இருந்த கையாலைச் சுவர் இடிந்து மண்ணோடு மண்ணான பிறகு எல்லை எதுவென்று யாருக்கும் தெரியாது. மேற்கு விளை மாமா மரம் வாங்கும் தடிக்கடைக்காரரைக் கூட்டி வந்து விலை பேசிவிட்டார். அப்பா விடவில்லை. தாலுகா ஆபீசில் பணம் கட்டி ஒருவழியாக சர்வேயர் வந்தார். எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடத்தைப் பார்த்துச் சங்கிலி பிடித்துக்கொண்டே நேராக மரத்து மூட்டில் போய் நின்றார். "எல்லைக் கல்லு இங்கதான் இருக்கணும்." கொத்திப் பார்த்தால் வேருக்குள்ளே கல்! மரம் அதை முக்கால்வாசி விழுங்கி, தலை மட்டும் வெளியே தெரிந்தது. மாமா குனிந்து அதைத் தடவினார். அப்பாவும் தடவினார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. "கையெழுத்துப் போடுங்க, இன்னும் ரெண்டு இடத்துக்குப் போகணும்" என்றார் சர்வேயர்.

மரம் இன்றும் நிற்கிறது. பேச்சுவார்த்தைதான் நின்றுபோனது. பொது மரம் என்று தெரிந்தபின் விற்றுப் பாதி பாதி எடுத்தால் என்ன?

திங்கள்சந்தை அக்கா:
பாதி பாதி என்பதெல்லாம் சொல்ல எளிது தம்பி. ஓகிப் புயலில், 2017 நவம்பரில், பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் அடுக்களைக் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. சாய்ந்து நிற்கிறது, வெட்டுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! காற்று அடங்கியதும் அந்த அண்ணன் வந்தார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பார் என நினைத்தேன். சாக்கை விரித்து, அடுப்புப் பக்கம் உருண்டு கிடந்த தேங்காயைப் பொறுக்க ஆரம்பித்தார். அந்தச் சாக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

தக்கலை குமாஸ்தா:
அக்கா, தேங்காய் அவருடையதுதான். கோபப்படாதீர்கள்.

என் வீட்டிலும் பலாக் கிளைத் தகராறு உண்டு, பேசித் தீர்த்தோம், அது கிடக்கட்டும். எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கிளை நம் பக்கம் நீண்டால், நம் மண்ணில் நின்று, நம் எல்லைவரை மட்டும் வெட்டலாம். முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுங்கள். வெட்டிய கொம்பும் அதிலுள்ள காயும் மரத்துக்காரருக்குத்தான். ஆள்மேல் விழும் நிலையில் மரம் நின்றால் சப்-கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) மனு கொடுக்கலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு வருவாய்க் கோட்டம். மனுவுக்கான சட்டம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 152வது பிரிவு. மனுவோடு மரம் சாய்ந்திருக்கும் போட்டோவையும் வையுங்கள். சிவில் கேஸ் போடுமுன் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொடுத்தால் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றத்துக்கு) வரும். கோர்ட் பீஸ் கிடையாது. இருவரும் ஒத்துக் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. இனித் தென்னை வைப்பவர்கள் மரத்துக்கு மரம் 25 அடி விடுவதுபோல, எல்லையிலிருந்தும் அதில் பாதியாவது விடுங்கள். மதிலை ஒட்டிக் கன்று வைத்துவிட்டு...

கருங்கல்காரன்:
சார், எங்களுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. கல் கிடைத்த பிறகும் ஏன் பேசமாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

குலசேகரம் ரப்பர்:
கல் கிடைத்ததால்தான் பேசவில்லை. முழு மரமும் தன்னுடையது என்று இரண்டு பேருமே நினைத்திருப்பார்கள்.

எங்களுக்குக் கிணற்றுப் பிரச்சினை. மேல்விளை ரப்பர் இலை உதிர்க்கும் ஜனவரி மாதம் தண்ணீர் கறுத்து நாறும். அம்மா தினமும் சத்தம் போடுவாள். ஒருநாள் அந்த வீட்டுப் பையன் ஒன்றும் சொல்லாமல் வலையும் கம்பியுமாக வந்து கிணற்றை மூடிக் கட்டிவிட்டு, வாளி இறக்க ஒரு ஓரத்தில் வழியும் விட்டுப் போனான். அம்மா சாயா குடிக்கக் கூப்பிட்டாள், நிற்கவில்லை. மரத்தை வெட்டச் சொல்லி நாங்கள் எழுதிவைத்த மனு அலமாரியிலேயே கிடக்கிறது.

தக்கலை குமாஸ்தா:
மனு கொடுத்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். வலை எத்தனை மழை தாங்கும்?

குலசேகரம் ரப்பர்:
கிழிந்தால் அவனே மாற்றுகிறான் சார்.
அக்கா, அந்த அண்ணன் கூரைக்குக் காசு கொடுத்தாரா?

திங்கள்சந்தை அக்கா:
ஷீட் வாங்கித் தந்தார். கூலி எங்கள் தலையில். தேங்காய் ஒன்றுகூடத் தரவில்லை.