உப்பு 0.9%, குளுக்கோஸ் 5%: இரண்டும் இரத்தத்துக்கு ஈடாவது எப்படி?

மாணவி, வியாசர்பாடி:
வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டே நீட் தேர்வுக்கும் ஆயத்தமாகி வருகிறேன். சென்ற மாதம் பாட்டியை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, அவருக்கு ஏறிக்கொண்டிருந்த பாட்டிலில் ‘சோடியம் குளோரைடு 0.9%’ என்றும், பக்கத்துக் கட்டிலில் தொங்கிய பாட்டிலில் ‘டெக்ஸ்ட்ரோஸ் 5%’ (குளுக்கோஸின் மற்றொரு பெயர்) என்றும் அச்சிட்டிருந்தது. (வீட்டார் இரண்டையுமே ‘குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள்’ என்றுதான் சொன்னார்கள்.) இரண்டும் இரத்தத்தோடு ஐசோடானிக் ஆனவை, அதாவது அவற்றில் சிவப்பணு வீங்காமலும் சுருங்காமலும் இருக்கும் என்று படித்திருக்கிறேன். ஒன்று மற்றொன்றைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் இருக்கையில், சவ்வூடு பரவல் அழுத்தம் (சவ்வு வழியே நீரை இழுக்கும் அழுத்தம்) மட்டும் எப்படி ஒத்துப்போகிறது?

வேதியியல் ஆசிரியர், குரோம்பேட்டை:
நீங்கள் எடையை ஒப்பிடுகிறீர்கள். சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. சவ்வூடு பரவல் அழுத்தம் ஒரு தொகைசார் பண்பு ஆகையால், கரைந்துள்ள துகள்கள் எத்தனை என்பதே கணக்கு, அவை எவ்வளவு கனம் என்பது அன்று. ஒரு லிட்டர் உப்புக் கரைசலில் 9 கிராம் உப்பு இருக்கிறது, அதன் மூலக்கூறு நிறையான 58.5-ஆல் வகுத்தால் 0.154 மோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு). ஆனால் அது சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிந்துவிடுவதால் துகள்கள் 0.308 மோல் ஆகின்றன. குளுக்கோஸோ 50 கிராம். அதன் மூலக்கூறு நிறையான 180-ஆல் வகுத்தால் 0.278 மோல், அது பிரிவதில்லை. பலர் 0.154-லேயே நின்றுவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் வாண்ட் ஹாஃப் காரணி (கரைபொருளின் ஓர் அலகு எத்தனை துகள்களாகிறது என்ற எண்) நடைமுறையில் 2-ஐவிடச் சற்றுக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இடைவெளி இன்னும் சுருங்கும்.

மாணவி, வியாசர்பாடி:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் யூரியாவின் மூலக்கூறு நிறை 60 என்பதால், லிட்டருக்கு 18 கிராம், அதாவது 1.8% யூரியாக் கரைசலிலும் 0.3 மோல் துகள்கள் இருக்கும். அதிலும் சிவப்பணுக்கள் பத்திரமாக இருக்கும் அல்லவா?

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பனர், பெரம்பூர்:
கணக்கு சரி, அம்மா. ஆனால் சிவப்பணு பிழைக்காது. சோதனைக் குழாயில் உப்புநீரோடு சில துளி இரத்தத்தைக் கலந்தால் சிவப்பாகக் கலங்கி நிற்கும். குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரியாது. அதே இரத்தத்தை நீங்கள் சொன்ன யூரியாக் கரைசலில் விட்டால், சற்று நேரத்தில் கலங்கல் மறைந்து, சிவப்புக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் எழுத்துகள் தெளிவாகத் தெரியத் தொடங்கும். அணுக்கள் வெடித்து ஹீமோகுளோபின் வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். யூரியா சிவப்பணுவின் சவ்வைக் கடந்து எளிதில் உள்ளே போய்விடுகிறது, நீரும் பின்தொடர்கிறது. சவ்வைக் கடக்க முடியாத துகள்களை மட்டுமே ஐசோடானிக் கணக்கில் சேர்க்க வேண்டும். குளுக்கோஸ்கூட பாட்டிலில் இருக்கும் வரைதான் ஐசோடானிக். உடலுக்குள் செல்கள் அதை எடுத்துப் பயன்படுத்திய பிறகு எஞ்சுவது வெறும் நீர்தான்.