மறு: இ-சிம்மைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்துவிட்டேன். தனியாக அட்டை போடாமல் கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் இ-சிம்முக்கு மின்சிம், மெய்நிகர் சிம், உட்சிம் என்று மூன்று சொற்கள் களத்தில் நிற்கின்றன. எனக்கு இது கொஞ்சம் அவசரமான வேலை. எங்கள் ஊர்க் கோயில் குழு ஒன்று தமிழ்நாட்டுக்குத் தலயாத்திரை கிளம்புகிறது. பெரும்பாலோர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் ஓய்ந்தவர்கள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த நல்ல கைப்பேசி எல்லோர் கையிலும் இருக்கிறது. திருச்சியில் இறங்கியதும் வாட்ஸ்அப்பில் வீட்டுக்குப் பேச வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. அதற்கு ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அந்தக் குறிப்பில் நிற்கக்கூடிய சொல்தான் எனக்கு வேண்டும். அகராதியில் மட்டும் அழகாக இருக்கும் சொல் எனக்கு உதவாது.

> 'இ' என்றால் மின். மின்னஞ்சல், மின்னூல் இருக்கும்போது மின்சிம் என்று வைப்பதில் என்ன தயக்கம்?

தயக்கம் பொருளில்தான் ஐயா. மின்னஞ்சலில் உள்ள 'இ' எலக்ட்ரானிக். இ-சிம்மில் உள்ள 'இ' எம்பெடட், அதாவது பதிக்கப்பட்டது. சிம் என்றைக்குமே மின்னணுப் பொருள்தான். 1991இல் ஜெர்மனியின் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் பின்லாந்தின் ரேடியோலிஞ்சாவுக்குச் செய்து கொடுத்த முதல் சிம், வங்கி அட்டை அளவுக்கு இருந்தது. அப்புறம் அட்டை தேய்ந்துகொண்டே வந்து, 2012இல் 12.3 மில்லிமீட்டருக்கு 8.8 என்ற நானோ அளவில் நின்றது. மாறியதெல்லாம் சுற்றியிருந்த பிளாஸ்டிக்தான். இ-சிம்மில் அந்தப் பிளாஸ்டிக்கும் போய், சில்லு கைப்பேசியின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுவிட்டது. இந்த மாற்றத்தை 'மின்' சொல்லவில்லை. மின்சிம் என்று கேட்பவருக்குப் பழைய சிம் மின்னணு அல்ல என்ற தப்பான எண்ணம்தான் வரும்.

> மெய்நிகர் சிம் என்றால் கையில் பிடிக்க முடியாதது என்று புரியுமே.

கையில் பிடிக்க முடியாது என்பது சரி. ஆனால் இல்லாத பொருள் இல்லையே. சில்லு உள்ளே இருக்கிறது, அதற்கு 32 இலக்கத்தில் ஓர் அடையாள எண்ணும் இருக்கிறது. கைப்பேசியில் எண்ணை அழுத்தும் இடத்தில் *#06# என்று அழுத்திப் பாருங்கள். கைப்பேசிக்கு உரிய ஐஎம்இஐ எண்களோடு ஈஐடி என்று அந்த நீள எண்ணும் வந்தால் உங்கள் கைப்பேசியில் அந்தச் சில்லு இருக்கிறது என்று பொருள். வராவிட்டால் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பயணத்துக்கு முன் செய்யவேண்டிய முதல் சோதனை இதுதான். 'மெய்நிகர்' என்று பெயர் வைத்தால், எல்லாக் கைப்பேசியிலும் இது வேலை செய்யும் என்று ஒருவர் நம்பிவிடுவார். விலை குறைந்த மாதிரிகள் பலவற்றில் இந்தச் சில்லு கிடையாது. சீனாவில் விற்பதற்கென்று செய்த ஐபோன்களிலும் பெரும்பாலும் கிடையாது. அவற்றில் இரண்டு சாதாரண சிம் போடத்தான் இடம் இருக்கும். அங்கிருந்து உறவினர் வாங்கி வந்த போனை வைத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

உட்சிம் பொருளில் சரியான சொல். வாயில்தான் சிக்குகிறது. 'ட்' என்ற எழுத்துக்குப் பின் 'சி' வந்தால் தமிழன் நாக்கு எப்படிப் போகும்? காட்சி, சாட்சி, மாட்சி. உட்சிம்மையும் அப்படியே வாசிப்பார்கள், சிம் என்ற சொல்லே காணாமல் போய்விடும். ஊர்ப் பையன்களிடம் எழுதிக் காட்டி வாசிக்கச் சொன்னேன். எல்லோரும் 'காட்சி' ஓசையில்தான் வாசித்தார்கள்.

அதனால் என் பரிந்துரை: பதிசிம்.

நகையில் கல் பதிக்கிறோம், தரையில் ஓடு பதிக்கிறோம். உள்ளே வைத்துப் பிடித்துவிட்டால் பதித்தல். பதித்த, பதிக்கின்ற, பதிக்கும் சிம் என்று மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை இது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது; ஊறுகாய், சுடுசோறு போலப் பதிசிம். நடுவில் 'ச்' வராததால் 'சி' மென்மையாகவே ஒலிக்கும், சிம் சிம்மாகவே இருக்கும். கூடவே பதிவு செய்தல் என்ற பொருளும் நிழலாக நிற்கிறது. நம் நாட்டில் அடையாள அட்டையைக் காட்டிப் பதியாமல் எந்த எண்ணும் கிடைக்காது, ஆகவே அந்த நிழலும் நல்லதே. பதி என்றால் கணவன், இறைவன் என்ற பொருளும் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் பதிப்பகம் என்று படிக்கும்போது யாருக்கும் கணவர் நினைவு வருவதில்லை. இங்கும் அப்படித்தான் ஆகும்.

சிம்மையும் சேர்த்துத் தமிழாக்க வேண்டும் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். சந்தாதாரர் அடையாளக் கூறு என்று விரித்தால் பொருள் வரும், பேச்சில் வராது. எங்கள் தோட்டத்து முன்னோர் வரிசை வீடுகளைக் குறித்த லைன் என்பதை லயம் ஆக்கினார்கள், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பரேட் என்பதைப் பெரட்டு ஆக்கினார்கள். இன்றைக்கு அவை வேற்றுச் சொல் என்று ஒருவருக்கும் தோன்றாது. சிம் ஏற்கெனவே அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. நாம் உழைக்க வேண்டியது அதற்கு முன்னால் நிற்கும் பகுதிக்காகத்தான்.

இனி, இந்த இழையில் யாரும் தொடாத ஒரு விஷயம். பெரிய சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

குறிப்பு எழுதத் தொடங்கும் முன், யாத்திரைக்குப் போகும் ஓர் அம்மாவுடன் கடைத்தெருவில் கைப்பேசிக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி பொறுமையாகச் சொன்னான்: “இதுக்கு சிம் கார்டு வேணாம்மா. இ-சிம் உங்க போன்லயே உள்ளே இருக்கு.” அந்த அம்மா கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “உள்ளேயே இருந்தா நான் எதுக்குத் தம்பி காசு கட்டணும்?”

எவ்வளவு சரியான கேள்வி! இ-சிம் என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு பொருள்களைக் கட்டிவைத்திருக்கிறோம். ஒன்று, கைப்பேசியோடு வந்த சில்லு. அதற்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. மற்றொன்று, அந்தச் சில்லுக்குள் இறக்கிக்கொள்ளும் உரிமை: எந்த நிறுவனத்தின் வலையில், எத்தனை நாள், எத்தனை ஜிகாபைட் என்று சொல்லும் கோப்பு. ஆங்கிலத்தில் அதை புரொஃபைல் என்கிறார்கள். காசு கட்டுவது அதற்குத்தான். பழைய சிம் அட்டையில் சில்லும் உரிமையும் ஒட்டியே வந்ததால் ஒரு பெயர் போதுமாக இருந்தது. இப்போது இரண்டும் பிரிந்துவிட்டன, பெயரும் இரண்டாக வேண்டும்.

சில்லுக்குப் பதிசிம். இறக்கிக்கொள்ளும் கோப்புக்கு இணைப்புச்சீட்டு என்று முன்வைக்கிறேன். 'சுயவிவரம்' என்று நேராகப் பெயர்த்தால் முகநூல் பக்கம் நினைவுக்கு வரும். சீட்டு என்றால் நமக்கு உடனே பிடிபடும்: காசு கொடுத்து வாங்குவது, நாள் குறித்திருப்பது, கெடு முடிந்தால் செல்லாதது, ஒருவர் வாங்கியதை இன்னொருவர் பயன்படுத்த முடியாதது. பயண இணைப்புக்கு இந்த நான்கும் பொருந்துகின்றன. ஒரு பதிசிம்மில் பல சீட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளலாம், வேண்டியதை மட்டும் இயக்கலாம். புதிய ஐபோன்களில் எட்டுக்கு மேலும் வைக்க முடியும். ஒரே நேரத்தில் இரண்டு இயங்கும்.

பெயர் பிரிந்ததும் விளக்கமும் எளிதாகிவிடுகிறது. கடை மின்னஞ்சலில் அனுப்பும் கியூஆர் குறியீடு என்ன? சீட்டு எந்த வழங்கியில் (சர்வரில்) இருக்கிறது என்ற முகவரியும், அதைப் பெறுவதற்கான குறியெண்ணும்தான். பெரும்பாலும் ஒருமுறைதான் அது செல்லும். வேலை செய்யவில்லை என்று பதறிச் சீட்டை அழித்துவிட்டால், அதே குறியீட்டைக் காட்டித் திரும்ப இறக்க முடியாமல் போகலாம். “இ-சிம்மை அழிக்காதீர்கள்” என்று சொன்னபோது, சில்லை எப்படி அழிப்பது என்று ஒருவர் குழம்பினார். “சீட்டை அழிக்காதீர்கள், தேவையில்லாதபோது நிறுத்தி மட்டும் வையுங்கள்” என்றதும் தலையாட்டினார்.

அடுத்தது ரோமிங், அதாவது வெளிநாடு போகும்போது நம் கைப்பேசி வேறொரு நிறுவனத்தின் வலையில் இணைவது. உலாவல் என்று சிலர் எழுதுகிறார்கள். உலாவி என்பது பிரவுசருக்கு நிலைத்துவிட்ட பிறகு அது இனி ஆகாது. மலாயில் அலைதல் என்ற பொருளில் பெராயாவான் என்று வைத்திருக்கிறார்கள். நாமும் அலைவு என்று சொல்லலாம்தான். ஆனால் பயணி அலைகிறார் என்பதைவிட, வேறொருவர் வலையில் தொற்றிக்கொள்கிறார் என்பதுதான் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே தாய்வலை, அயல்வலை என்ற இணையை வைக்கிறேன். உங்களுக்கு எண் கொடுத்த நிறுவனத்தின் வலை தாய்வலை, மற்றதெல்லாம் அயல்வலை.

இந்த இணையால் தீரும் குழப்பம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் டேட்டா ரோமிங்கை நிறுத்திவை, இல்லையென்றால் பில் எகிறும் என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறோம். இப்போது பயண இணைப்புச்சீட்டு விற்பவர்கள் ரோமிங்கைத் திற என்கிறார்கள். எதைக் கேட்பது? இரண்டும் சரி, வெவ்வேறு இணைப்புக்கு. மலேசிய எண்ணுக்கு இந்தியாவில் எல்லாமே அயல்வலை, அதில் தரவு ஓடினால் கட்டணம் நம் தலையில் விழும், எனவே அதற்கு மூட வேண்டும். பயண இணைப்புச்சீட்டு விற்கும் நிறுவனத்தின் தாய்வலையோ பெரும்பாலும் மூன்றாவது ஒரு நாட்டில் இருக்கும். இந்திய வலைக்கு அந்தச் சீட்டும் விருந்தாளிதான். அதற்கு அயல்வலையைத் திறக்காவிட்டால் சிக்னல் கோடுகள் தெரியும், இணையம் வராது. காசும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, திறப்பதால் கூடுதல் செலவில்லை.

குறிப்பின் நடுப்பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன், சொற்கள் எப்படி உட்காருகின்றன என்று பாருங்கள்:

“இணைப்புச்சீட்டை வீட்டிலேயே, வைஃபை இருக்கும்போது இறக்கிக்கொள்ளுங்கள். சீட்டை இறக்கவே இணையம் வேண்டும். கியூஆர் குறியீட்டைப் பிள்ளையின் கைப்பேசியில் திறந்து வைத்து, உங்கள் கைப்பேசியின் கேமராவைக் காட்டுங்கள். சீட்டுக்கு ‘இந்தியா’ என்று பெயர் வையுங்கள். விமானம் இறங்கியதும் தரவுக்கு ‘இந்தியா’வைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் அயல்வலையைத் திறங்கள், திரையில் டேட்டா ரோமிங் என்று இருக்கும். மலேசிய எண்ணை அணைக்க வேண்டாம், அதன் அயல்வலைத் தரவை மட்டும் மூடுங்கள். குறுஞ்செய்தி அதில் வந்து சேரும். வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.”

வீட்டிலேயே இறக்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2024 ஜனவரியில், இத்தகைய சீட்டுகளை விற்கும் ஏர்அலோ, ஹொலாஃப்ளை செயலிகள் இந்தியாவில் ஆப்பிள், கூகுள் செயலிக்கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. அயல்நாட்டு சிம் விற்க அங்கே அரசின் தடையில்லாச் சான்று வேண்டும் என்பது விதி. இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று நம்பியிருக்க முடியாது. உள்ளூர் சிம் வாங்கலாமே என்பீர்கள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்), விசா, புகைப்படம் எல்லாம் காட்டி வாங்கி, அது உயிர் பெறும்வரை காத்திருக்க வேண்டும். நீண்ட நாள் தங்குபவர்க்கு அதுதான் நல்லது, உள்ளூர் எண்ணும் கிடைக்கும். பயண இணைப்புச்சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் தரவு மட்டும்தான், எண் கிடையாது. இந்திய எண் கேட்கும் செயலிகளில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கோயில் கோயிலாகச் சில நாள் போய்வருபவர்க்குச் சீட்டே போதும்.

மலேசிய எண்ணை அணைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வது வங்கிக்காகவும்தான். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவெண்ணை (ஓடிபி) கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்தது. அதன்பின் வங்கிகள் செயலியிலேயே ஒப்புதல் கேட்கின்றன. அதற்கு இணையம் இருந்தால் போதும், எந்தச் சீட்டின் இணையம் என்பது பொருட்டில்லை. ஆனாலும் மற்ற இடங்களிலிருந்து குறுஞ்செய்தி வருவது நிற்கவில்லை.

சீட்டை இறக்கத் தரும் ஆக்டிவேஷன் கோடுக்கு இயக்கக் குறியெண் போதும் என்று நினைக்கிறேன், அதில் நீண்ட விவாதம் வேண்டாம். டேட்டாவா தரவா என்பதிலும் இரண்டையும் விட்டுவிடலாம், மக்கள் இரண்டையும் சொல்கிறார்கள்.

அயல்வலையைப் பற்றித்தான் உங்கள் கருத்து முக்கியமாக வேண்டும். தைப்பிங் நண்பர் முன்பு ‘பிறவலை’ என்று ஒரு சொல் சொன்னார். பொருள் சரிதான், ஆனால் பிணைப்பேதும் இல்லாத மற்றொரு வலை என்றுதான் எனக்குக் கேட்கிறது. அயல் என்றால் பக்கத்து வீடு என்ற பொருளும் வரும், இரு நிறுவனங்களுக்கிடையே உடன்பாடு இருப்பதால்தான் ரோமிங்கே நடக்கிறது என்பதற்கு அது ஒத்துப்போகிறது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். வரும் வெள்ளிக்கிழமை குறிப்பு அச்சுக்குப் போகிறது. அதற்குள் வரும் திருத்தங்களைச் சேர்த்து, முழுக் குறிப்பையும் குழுவுக்கு அனுப்புகிறேன். உங்கள் ஊர்களிலும் படியெடுத்துக் கொடுக்கலாம்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து