டெபியன் லினக்ஸ் போட்டதும் விண்டோஸ் எக்ஸ்பியைக் காணோம், உதவுங்கள்

வணக்கம் மக்களே. தக்கலையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2008-ல் வாங்கிய கணினி, 2 ஜிபி ரேம். பழைய தமிழ் எழுத்துருக்களும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் எக்ஸ்பியில்தான் ஒழுங்காக ஓடும். ஆனால் அதற்கு 2014-லேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. நெட்டுக்குப் போகப் பயம். சரி என்று காலியாகக் கிடந்த பார்ட்டிஷனில் டெபியன் 12 போட்டேன். நன்றாகவே ஓடுகிறது, ஆனால் கணினி தொடங்கும்போது எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவில் எக்ஸ்பி இல்லை! ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றன, டெபியனிலிருந்து திறந்து பார்த்துவிட்டேன்.

இந்த கிரப்பில், மற்ற ஓஎஸ்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஓஎஸ்-ப்ரோபர் தானாக ஓடாதாமே? அதை இயக்கிவிட்டு, மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் கட்டளை கொடுத்தால் போதுமா? எக்ஸ்பி சிடி போட்டு, டிஸ்க்கின் பூட் பகுதியைத் திரும்ப எழுதும் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளை கொடு என்கிறார் மார்த்தாண்டத்து அண்ணன் ஒருவர். கொடுத்தால் கிரப்பே அழிந்துவிடுமே! ஆவணிக் கல்யாணக் கார்டுகள் பாதியில் நிற்கின்றன. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.